பதினேழாம் ரேக்கின் மேல் பெட்டி

வழக்கமான சரிபார்ப்புக்குத்தான் வந்திருக்கிறேன். வாசலில் காவலர் நீட்டிய பதிவேட்டிலும் அப்படித்தான் எழுதினேன். பெயர் ஜெயசீலி, பிரிவு கணினிச் செலவுக் கணக்கு, காரணம் சரிபார்ப்பு, உள்ளே போன நேரம் பத்து பத்து. செல்போனை வாங்கி வெளியே வைத்துப் பூட்டிவிட்டார். உள்ளே கடிகாரம் கிடையாது, ஜன்னல் கிடையாது, இரைச்சல்தான் உண்டு. நூற்றுக்கணக்கான மின்விசிறிகள் ஒரே மூச்சில் ஓடுகிற இரைச்சல். முதல் ஐந்து நிமிடம் காதை அடைக்கும், அப்புறம் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஸ்வெட்டர் போட்டிருக்கிறேன். போட்டும் குளிர்கிறது. இந்தக் கூடத்தில் நாற்பது ரேக்குகள் இருக்கின்றன, ஆளை விட உயரமான இரும்பு அலமாரிகள், ஒவ்வொன்றிலும் அடுக்கடுக்காகக் கணினிப் பெட்டிகள். ஒன்றாம் ரேக்கில் ஆரம்பித்தால்தானே அது சரிபார்ப்பு. நான் ஏன் நேராகப் பதினேழுக்கு முன்னால் வந்து நிற்கிறேன். ஏட்டி ஜெயசீலி, யார ஏமாத்துத. காலையில் லிஃப்டில் சுபத்ரா அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் இந்நேரம் என் இடத்தில் உட்கார்ந்து, பட்டியலை அனுப்பிவிட்டு டீ குடித்துக்கொண்டிருப்பேன். சுபத்ரா மனிதவளப் பிரிவில் இருக்கிறாள். நல்ல பெண், நல்ல நல்ல சேலை கட்டுவாள், ஒருவரை வீட்டுக்கு அனுப்புகிற நாளில்கூடச் சிரித்த முகமாகத்தான் இருப்பாள். "உங்க கணக்கு ரொம்ப உதவியா இருந்துச்சு ஜெயா மேடம். பதினோரு மணிக்கு மொழிப்பிரிவைக் கூப்பிட்டு லெட்டர் கொடுக்கறோம், நாலு பேருக்கும்" என்றாள். அவளுடைய மாடி வந்தது, இறங்கிப் போய்விட்டாள். நான் என் மாடியை விட்டுவிட்டு ஏழாவது வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன்.

என் வேலை என்னவென்று ஆல்பர்ட்டுக்கே இன்னும் புரியவில்லை, கட்டின புருஷனுக்கே. இருபது வருடமாகச் சொல்லிப் பார்க்கிறேன். இந்த இன்சூரன்ஸ் கம்பெனிக்கு இந்தக் கூடம் வருடத்துக்குப் பன்னிரண்டு கோடி தின்கிறது. வாடகை, மின்சாரம், குளிர், பழுதுபார்ப்பு, வாசலில் நிற்கிற காவலரின் சம்பளம் வரைக்கும் சேர்த்து. இதுவரை கம்பெனி மொத்தமாகக் கட்டிக்கொண்டிருந்தது. ஏப்ரலிலிருந்து எந்தப் பிரிவு எவ்வளவு பயன்படுத்துகிறதோ அந்தப் பிரிவின் தலையில் அவ்வளவு. அதற்கு முதலில் எந்தப் பெட்டி யாருடையது என்று தெரிய வேண்டும். எண்ணூறு பெட்டி. வாங்கி வைத்தவர்களில் பாதிப் பேர் வேலையை விட்டே போய்விட்டார்கள். மீதிப் பேரைக் கேட்டால் எங்களுடையது இல்லை என்பார்கள், பணம் கட்ட வேண்டும் என்று தெரிந்ததும் பெற்ற பிள்ளையையே தெரியாது என்கிற மாதிரி. நான் பார்த்துப் பார்த்து எழுத வேண்டும். பெட்டி எண், ரேக் எண், இழுக்கும் மின்சாரம், கடைசியாக உரிமைப் பிரிவு. அந்தக் கடைசிக் கட்டத்தை மட்டும் காலியாக விட முடியாது. விட்டால் வரி முழுக்கச் சிவப்பாகிவிடும், கோப்பு நகராது. யாராவது ஒருவர் பெயரை எழுதியே ஆக வேண்டும். ஜனவரியில் ஒத்திகைக்கு ஒரு பட்டியல் கேட்டார்கள், இரண்டே நாள் கொடுத்தார்கள். இரண்டு நாளில் எண்ணூறு பெட்டியை எந்தத் தேவதை வந்து எண்ணும். அப்போதுதான் நான் மேல் பெட்டிக் கணக்கைக் கண்டுபிடித்தேன். இங்கே ஒரு பழக்கம், ஒரு பிரிவு ரேக்கை எடுத்தால் தன் பெயர் ஒட்டிய பெட்டியை முதலில் உச்சியில் மாட்டும், அப்புறம் கீழே கீழே அடுக்கும். அதனால் உச்சியில் யார் பெட்டியோ ரேக் முழுவதும் அவருடையது என்று எழுதிக்கொண்டு போனேன். எண்ணூறு வேலை நாற்பது வேலையானது. சோமசேகர் சார் என் மேலதிகாரி, லேசில் யாரையும் பாராட்டாதவர், எல்லோர் முன்னாலும் மேசையைத் தட்டி, "இதுதான் மூளை" என்றார். அன்றைக்கு வீட்டுக்கு அரைக் கிலோ அல்வா வாங்கிக்கொண்டு போனேன். வெட்கமாக இருக்கிறது.

ஆரோக்கியம் அண்ணன் ஏணியை இழுத்துக்கொண்டு வருகிறார். மின்சார வேலைக்காரர், இந்தக் கட்டடம் கட்டின நாளிலிருந்து இங்கேயே இருக்கிறார், கம்பியை வெட்டாமலே அதைக் கவ்விப் பிடித்து எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்று காட்டுகிற மீட்டரைச் சட்டைப் பைக்குள்ளேயே வைத்திருப்பார். இரைச்சலில் பேச வேண்டுமென்றால் கத்த வேண்டும். "பதினேழா மேடம்? மொத்தமா புடிக்கவா?" என்றார். மொத்தம் எனக்குத் தெரியும், இருபத்து நாலு ஆம்பியர், ஜனவரியில் நானே எழுதியது. "மொத்தம் வேண்டாம் அண்ணே. மேல இருக்கறத மட்டும் தனியா பாருங்க" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், அல்லது எனக்கு அப்படித் தோன்றியதோ, என்னவோ. ரேக்கின் பின்கதவைத் திறந்ததும் சூடான காற்று முகத்தில் அடித்தது, முன்பக்கம் மார்கழி, பின்பக்கம் சித்திரை. அவர் ஏறி மேல் பெட்டியின் கம்பியைக் கவ்வினார். நான் கீழே நின்று எண் வரக் காத்திருந்தேன். ஒரு மனுஷியின் மனசு எவ்வளவு கேவலமாக இருக்க முடியும் என்று அந்த நிமிடத்தில் தெரிந்தது. அந்தப் பெட்டி இருபத்து நாலையும் தானே இழுக்க வேண்டும் என்று நான் மாதாவிடம் வேண்டிக்கொண்டேன். "ஜீரோ பாயிண்ட் ஏழு" என்று கத்தினார். "ஒரு ஆம்பியர்கூட இல்ல மேடம். இதெல்லாம் பழைய வண்டி, சும்மா முனகிக்கினு கெடக்கு." நான் கையால் ஒவ்வொரு பெட்டியாகத் தொட்டு எண்ணினேன். உச்சியில் இருப்பதில் பச்சை ஒட்டுத்தாள், மொழிப்பிரிவு. அதற்குக் கீழே மஞ்சள். அதற்குக் கீழே மஞ்சள். மஞ்சள், மஞ்சள், மஞ்சள். இருபத்தொரு மஞ்சள். இருபத்தொன்றும் தரவு ஆய்வுப் பிரிவுடையது. மொழிப்பிரிவு தலையில் நான் எழுதியது வருடத்துக்கு முப்பத்தாறு லட்சம். அந்த நாலு பேரின் சம்பளத்தைக் கூட்டினால்கூட அவ்வளவு வருமா என்று தெரியாது. இன்சூரன்ஸ் பணம் ஏன் வந்தது, ஏன் வரவில்லை என்று ஊர் ஊராகப் போகிற கடிதங்களைத் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் மலையாளத்திலும் எழுதுகிற நாலு பேர். கடிதம் எழுத எதற்கு முப்பத்தாறு லட்சத்துக்கு மெஷின், வெளியே கொடுத்தால் பாதிக்கு முடிப்பார்கள் என்று மேலிடத்தில் சொல்லியிருப்பார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்வேன், அந்த எண்ணைப் பார்த்தால் யாரும் அதைத்தான் சொல்வார்கள்.

"மணி என்ன அண்ணே?" பத்து முப்பத்தைந்து. இன்னும் நேரம் இருக்கிறது. எதற்கு நேரம் இருக்கிறது. யோசி. பதறாதே. இன்று பகல் பன்னிரண்டுக்குள் நான் அனுப்ப வேண்டியது இறுதிப் பட்டியல். அதில் சரியாக எழுதிவிடலாம். மொழிப்பிரிவு ஒரு பெட்டி, தரவு ஆய்வு இருபத்தொன்று. ஒத்திகைப் பட்டியலை இனி யார் எடுத்துப் பார்க்கப் போகிறார்கள், ஒத்திகை என்றால் தப்பு வரத்தானே செய்யும், அதற்குத்தானே ஒத்திகை. நான் சரியாக எழுதி அனுப்பியிருப்பேன், கையெழுத்து சுத்தமாக இருக்கும், யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்க முடியாது. பதினோரு மணிக்கு அவர்கள் போயிருப்பார்கள். பன்னிரண்டு மணிக்கு அவர்களுடைய செலவு ஒரு லட்சமாகக் குறைந்திருக்கும். ஏசுவே, இதை நானா யோசிக்கிறேன். சரி, வேறு மாதிரி யோசி. சோமசேகர் சாரிடம் தனியாகச் சொன்னால்? தரவு ஆய்வுப் பிரிவு யாருடையது. அவருடையது. போன வருடம் அவரே ஆரம்பித்தது, ஒத்திகைப் பட்டியல் வந்ததும் குறைந்த செலவில் ஓடுகிற பிரிவு என்று சேர்மன் கையால் கேடயம் வாங்கினார், அந்தப் படம் அவருடைய அறையில் மாட்டியிருக்கிறது. அந்தக் குறைந்த செலவு எங்கிருந்து வந்தது என்று இப்போது நான் போய்ச் சொல்ல வேண்டும். முப்பத்தைந்து லட்சத்தைத் தூக்கி அவர் மடியில் வைக்க வேண்டும். என் ஒப்பந்தம் ஏப்ரலோடு முடிகிறது, புதுப்பிக்கக் கையெழுத்து போடுகிறவரும் அவர்தான். ஆல்பர்ட் முதுகு வலியோடு படுத்து இரண்டு வருடம். மகள் ஷைனிக்கு இது கல்லூரியில் இரண்டாம் வருடம். வீட்டுக்குள் வருகிறது என் சம்பளம் ஒன்றுதான். அந்த நாலு பேர் வீட்டிலும் யாராவது படுத்திருக்கலாம், யாராவது படித்துக்கொண்டிருக்கலாம், எனக்கு எப்படித் தெரியும், துரைக்கண்ணுவைத் தவிர அந்தப் பிரிவில் யார் பெயரும் எனக்குத் தெரியாது.

துரைக்கண்ணு. மொழிப்பிரிவுக்குத் தலைவர், ஐம்பத்து மூன்று வயது, அரைக்கைச் சட்டை, அவரைப் பிடிக்காது எனக்கு. பிடிக்காது என்றால் பிடிக்காதுதான், அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. எனக்குத் தெரியாமல் நடந்த தப்பு இது. நாற்பது ரேக்கில் எத்தனையோ தப்பு இருக்கும், இது ஒன்று. அவசரத்தில் நடந்தது. வேண்டுமென்று செய்யவில்லை. யாராவது கேட்டால் இதைச் சொல்லலாம், சத்தியம்கூடப் பண்ணலாம். "ஜனவரிலயே சொன்னேன் மேடம்" என்று ஆரோக்கியம் அண்ணன் ஏணியில் நின்றபடியே மீட்டரைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "என்ன சொன்னீங்க?" "கீழ வேற கலர் ஸ்டிக்கரா இருக்குது மேடம், வேற ஆளுங்களோடதுன்னு நெனைக்கிறேன்னு சொன்னேன். மேல இருக்கறத எழுதுங்க போதும்னு நீங்கதான் சொன்னீங்க." குறையாகச் சொல்லவில்லை, மழை வருகிறது என்கிற மாதிரி சொன்னார். அப்படிச் சொன்னேனா. சொல்லியிருப்பேன். எல்லா ரேக்கிலும் அப்படித்தான் சொன்னேன், பதினேழில் மட்டும் இல்லை. ஆனால் எல்லா ரேக்கிலும் அவர் அதைச் சொல்லவில்லை, பதினேழில்தான் சொன்னார், நானும் குனிந்து பார்த்தேன். மஞ்சளைப் பார்த்தேன். பார்த்தேனா? இல்லை, இன்றைக்குப் பார்த்ததை அன்றைக்குப் பார்த்ததாக நினைத்துக்கொள்கிறேன். பயத்தில் மனசு இப்படி எதையாவது ஜோடிக்கும். குனிந்தேன், அது ஞாபகம் இருக்கிறது, முதுகில் குளிர்ந்த காற்று பட்டது. கையில் பட்டியல் அட்டை இருந்தது. அதில் மொழிப்பிரிவு என்று எழுதினேன். எழுதும்போது எனக்கு எப்படி இருந்தது. அதைத்தான் தொடப் பயமாக இருக்கிறது, பல் வலிக்கிற இடத்தை நாக்கு சுற்றிச் சுற்றி வருகிற மாதிரி அதையே சுற்றுகிறேன்.

எப்படி இருந்தது என்று சொல்லிவிடு, இங்கே யார் கேட்கப் போகிறார்கள். அன்று காலைதான் அவரிடம் போயிருந்தேன். எல்லாப் பிரிவுக்கும் போய் உங்களிடம் எத்தனை பெட்டி இருக்கிறது என்று படிவத்தில் எழுதி வாங்க வேண்டும், அது முறை. அவர் ஏதோ கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். பத்து நிமிடம் நின்றேன். உட்காருங்கள் என்று சொல்லவில்லை. எழுதி முடித்து, அதைத் திரும்ப ஒரு முறை படித்து, அப்புறம் நிமிர்ந்து, தன்னுடைய ஆட்கள் மூன்று பேருக்கும் கேட்கிற மாதிரி, "அடுத்தவன் வேலைக்கு வெல போடறதுதானேம்மா உங்க வேல. எங்களுக்கு என்ன வெல போட்டிருக்கீங்க?" என்றார். அவர்கள் சிரித்தார்கள். ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. எனக்குக் காது வரைக்கும் சூடு ஏறியது. படிவத்தை நீட்டினேன். வாங்கவில்லை. "எழுதிக்குங்க. எங்ககிட்ட இருக்கறது ஒரே ஒரு பெட்டி. அது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாது, கண்டுபிடிக்கறது உங்க பாடு" என்றார். ஒரே ஒரு பெட்டி. சொன்னார். அவர் வாயால் சொன்னார், நான் காதால் கேட்டேன். படிவத்தில் எழுதாததால் அது என் ஞாபகத்தில் மட்டும் இருந்தது, அதனால் அதை அழிப்பது சுலபமாக இருந்தது. மூன்று மணி நேரம் கழித்து இதே இடத்தில் நின்று, ஆரோக்கியம் அண்ணன் சொல்லியும், இருபத்திரண்டு பெட்டிகளை அவர் பெயருக்கு எழுதினேன். எழுதும்போது சந்தோஷமாக இருந்தது. இதுதான். பெரிய சந்தோஷம் இல்லை, வெயிலில் வந்தவளுக்கு ஒரு வாய் மோர் கிடைத்த அளவுக்கு. விலை போடறேன் பாரு என்று நினைத்தேனா, அந்த வார்த்தைகளில் நினைத்தேனா, தெரியாது. யாருடைய வேலையும் போக வேண்டும் என்று நினைக்கவில்லை. ஒரு காகிதத்தில் கொஞ்ச நாள் அவர் தலை கனக்கட்டும் என்று நினைத்திருக்கலாம். காகிதத்தில் எழுதுவது காகிதத்தோடு நிற்காது என்று எனக்குத் தெரியாதா. அதுதானே என் உத்தியோகம்.

"மணி என்ன அண்ணே?" பத்து ஐம்பத்திரண்டு. எப்படி? இப்போதுதானே முப்பத்தைந்து. "வேற ரேக் பாக்கணுமா மேடம்?" என்று கேட்டார். நடந்தேன். நடையா ஓட்டமா என்று தெரியவில்லை, உள்ளே ஓடக் கூடாது என்று சுவரில் எழுதியிருக்கிறது. அடையாள அட்டையைக் காட்டினால் கதவு திறக்கும், ஒரு கதவு மூடிய பிறகுதான் அடுத்தது திறக்கும், நடுவில் ஒரு சின்ன அறையில் நின்றுகொண்டே இருக்க வேண்டும். அங்கே நிற்கும்போது இரைச்சல் சட்டென்று நின்றது, என் மூச்சு எனக்கே கேட்டது. பதிவேட்டில் வெளியே வந்த நேரம் எழுதச் சொன்னார் காவலர். எழுதினேன். செல்போனில் சோமசேகர் சாரிடமிருந்து நாலு அழைப்பு, ஒரு செய்தி, கோப்பு எங்கே. லிஃப்ட் எட்டில் நிற்கிறது. படியில் ஏறினேன். ஒன்று. போய் என்ன சொல்வேன். தப்பு நடந்துவிட்டது, இன்று காலை சரிபார்க்கும்போதுதான் பார்த்தேன் என்பேன். இரண்டு. அது பொய்யில்லையே, மீட்டர் வைத்து அளந்தது இன்று காலைதானே. மூன்று. மின்னஞ்சலில் எழுதினால் போதாதா, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போகும், முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. பதினோரு மணிக்கு யார் மின்னஞ்சல் பார்க்கப் போகிறார்கள், அதனால்தானே அந்த யோசனையே எனக்கு வருகிறது, சொன்ன மாதிரியும் ஆகும், சொல்லாத மாதிரியும் ஆகும். முழங்கால் வலிக்கிறது. நாலாவது மாடி. மனிதவளப் பிரிவின் கண்ணாடி அறை. திரை இறக்கியிருக்கிறது, கீழே ஒரு சாண் இடைவெளியில் கால்கள் தெரிகின்றன, ஒரு பட்டுக்கரை, பளபளக்கிற கறுப்பு ஷூ, தேய்ந்த செருப்பு. சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று நாலு. முடிந்திருக்கும். முடிந்திருந்தால் இப்படியே திரும்பிப் போய்விடலாம். அந்த நினைப்பு ஓர் ஆறுதல் மாதிரி வந்தது, அதுதான் என்னைக் கதவைத் தள்ள வைத்தது, அந்த ஆறுதலுக்குப் பயந்து.

துரைக்கண்ணு பேசிக்கொண்டிருந்தார். முன்பு நான் கேட்ட குரல் இல்லை, அதில் பாதிதான் இருந்தது. "எங்ககிட்ட ஒரு மெஷின்தான்மா இருக்கு. முப்பத்தாறு லட்சம்னா எப்படின்னு எனக்குப் புரியல, அதை மட்டும் சொல்லிட்டுக் கொடுங்க" என்று சுபத்ராவிடம் கேட்டுக்கொண்டிருந்தார். மேசையில் நாலு உறை இருந்தது, ஒன்றும் பிரிக்கவில்லை. சோமசேகர் சார் என்னைப் பார்த்ததும், "நல்லதாப் போச்சு, கணக்கு போட்டவங்களே வந்துட்டாங்க" என்றார், அப்புறம் என் முகத்தைப் பார்த்துப் புன்னகையைச் சுருக்கிக்கொண்டார். "என் கணக்கு தப்பு சார்" என்றேன். படி ஏறின மூச்சில் வார்த்தை துண்டு துண்டாக வந்தது. "பதினேழாம் ரேக்ல இருபத்திரண்டு பெட்டி இருக்கு. இவங்களோடது மேல இருக்கற ஒன்னு மட்டும்தான். வருஷத்துக்கு ஒரு லட்சத்தச் சொச்சம்தான் வரும்." சோமசேகர் சார் மெதுவாக, "மீதி?" என்றார். அவருக்குத் தெரிந்துவிட்டது, கேட்கும்போதே தெரிந்திருந்தது, சொல்லாதே என்று கண்ணால் சொன்னார். "மீதி இருபத்தொன்னும் உங்க பிரிவோடது சார்." சுபத்ரா உறைகளைத் தன் பக்கமாக இழுத்து வைத்துக்கொண்டாள். துரைக்கண்ணு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணாடியைக் கழற்றியிருந்தார், கண்ணுக்குக் கீழே ஈரமாக இருந்தது, நான் பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டேன். "ஏம்மா, இது உங்களுக்கு எப்போ தெரியும்?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சோமசேகர் சார் முந்திக்கொண்டார். "இன்னைக்குக் காலையிலதான் பார்த்திருக்காங்க. பார்த்ததும் ஓடி வந்திருக்காங்க. அப்படித்தானே ஜெயா?" என்றார். கயிற்றைப் போட்டுவிட்டார், பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். தலையை ஆட்டினால் போதும், அவரும் காப்பாற்றப்படுவார், நானும். ஏப்ரலில் அவர் கையெழுத்து போடுவார். ஆல்பர்ட், ஷைனி, வாடகை எல்லாம் ஒரு தலையாட்டலில் இருக்கிறது. துரைக்கண்ணு இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிரில் காலியாக ஒரு நாற்காலி இருந்தது, நான் உட்காரவில்லை.

"இல்ல சார்" என்றேன். "ஜனவரியிலயே தெரியும்."

சுபத்ரா பேனாவை எடுத்து அதை எழுதிக்கொண்டாள்.